ஒரே இன்சுலின், இரண்டு சிரிஞ்சு

நம் ஹெப்பகோடிக்கும் இன்சுலினுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1978-இல் தொடங்கப்பட்ட பயோகான் நிறுவனம் ஓசூர் சாலையில் நம் பகுதியில்தான் வளர்ந்தது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் உதவியால் மனித இன்சுலினைத் தயாரித்து, 2004-இல் 'இன்சுஜென்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2025-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடத்தில் நம் ஊர் நிலையத்தின் பெயரோடு அந்நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த இன்சுலினை எந்த சிரிஞ்சால் அளக்க வேண்டும் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணியாற்றுபவன் என்ற முறையில், இதை நம் சங்க அன்பர்களுக்கு விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

40-உம் 100-உம்

இன்சுலினை யூனிட் கணக்கில் அளக்கிறோம். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வலிமை கொண்டது. பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் பாட்டில்களும் கடைகளில் உண்டு. பிரிட்டன் 1983-இல் 100 யூனிட்டுக்கு மாறியது. வேறு பல நாடுகளும் அவ்வாறே மாறிவிட்டன. நம் நாட்டிலோ இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி.

இவை மாறினால் என்ன ஆகும்? டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தாலோ 50 யூனிட் சேர்ந்துவிடும். அது உயிருக்கே ஆபத்து.

தருமபுரிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாவை நான் சந்தித்தேன். ஊரில் கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை இங்கு வந்ததும் ஏறிக்கொண்டே போனது. "இட்லி, சோறு எல்லாம் குறைச்சிட்டேனே தம்பி" என்று வருந்தினார். வீட்டில் போடுவது போலவே போட்டுக் காட்டச் சொன்னேன். ஊரிலிருந்து கொண்டுவந்தது 40 யூனிட் பாட்டில். இங்கே கடையில் வாங்கிய சிரிஞ்சில் இருந்ததோ ஆரஞ்சு மூடி. மருந்தின் அளவைக் கூட்ட இருந்த நேரத்தில் இது தெரிந்தது நல்லதாயிற்று.

மருத்துவமனையில் செய்வது

மருத்துவமனைகளில் இன்சுலின் 'மிகுந்த எச்சரிக்கைக்குரிய மருந்து' என்ற பட்டியலில் இருக்கிறது. 'யூனிட்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகச் சுருக்கினால், அது சுழியம்போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடக்கூடும். அதனால் முழுச் சொல்லாகவே எழுத வேண்டும் என்பது விதி. ஒரே பெயரில் வரும் 'ஆர்', 'என்', '30/70' வகைகளைத் தனித்தனி இடங்களில் வைக்கிறோம். ஊசி போடுமுன் இரண்டு பேர் சரிபார்க்கும் முறையும் உண்டு. நோயாளி வீட்டில் எடுத்துவந்த மருந்துகளையும் புதிதாக எழுதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மருந்தாளுநரின் முக்கிய வேலை. மருந்துப் பிழைகளால் நேரும் கடுந்தீங்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஓர் இயக்கத்தையே தொடங்கியது.

ஆனால் வீட்டிற்குப் போனபின் இந்தக் காவல் எதுவும் இல்லை. அங்கே இரண்டாவதாகச் சரிபார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. பாட்டிலில் அச்சிட்ட 40 அல்லது 100 என்ற எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

2. சிரிஞ்சு வாங்கும்போது பாட்டிலையோ அதன் அட்டைப் பெட்டியையோ கடையில் காட்டுங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை இழுக்க வேண்டாம்.

3. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அவர்களுடைய எல்லா மருந்துகளையும் ஒரே பையில் டாக்டரிடம் கொண்டுபோங்கள். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே மருந்தாக இருக்கலாம்.

4. கன்னடம் புரியாத பெரியவர்களுக்கு மருந்து அட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள். 'ஊட்டக்கெ முஞ்செ' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'ஊட்டா ஆத மேலெ' என்றால் சாப்பிட்ட பின். ஐயமிருந்தால் திரும்பக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

5. வியர்வை, நடுக்கம், கடும் பசி, தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால், 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியில் (1800-180-3024) பொதுமக்களே தெரிவிக்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இன்சுலினைப் பொறுத்தவரை அளவு குறைந்தாலும் கேடுதான். இன்றிரவு ஊசி போடுமுன் உங்கள் வீட்டுப் பாட்டிலையும் சிரிஞ்சின் மூடியையும் ஒருமுறை பாருங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.