ட்ரம்ஸ் எங்கே எடுத்தது?

கணினியில் தாங்கள் செய்த நடன இசையைப் பிள்ளைகள் எங்கள் கலையகத்துக்குக் கொண்டு வருவார்கள். "முழுக்க என்ரைதான் அண்ணை" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "ட்ரம்ஸ் எங்கே எடுத்தது?"

காரணம் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் 'த வின்ஸ்டன்ஸ்' குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' இருந்தது. அதன் நடுவே கிரெகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு விநாடி தனியாக ட்ரம்ஸ் அடிக்கிறார். 1990களில் பிரித்தானியாவின் ஜங்கிள் இசை, அந்தத் துண்டை வெட்டி, வேகம் கூட்டி, அடியடியாக இடம் மாற்றி வளர்ந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களில் அது ஒலிக்கிறது. கோல்மனோ அதற்காக ஒரு சதமும் பெறாமல் 2006இல் வறுமையில் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் 24,000 பவுண் சேர்த்துக் கொடுத்தார்கள். அதுவும் அன்பளிப்புத்தான், உரிமைப்பணம் அல்ல.

வெட்டி ஒட்டுவதெல்லாம் களவு என்று நான் சொல்லமாட்டேன்; அந்த வெட்டலிலும் கற்பனை வேண்டும். விலைக்கு வாங்கும் ஒலித்துண்டுகளுக்குப் பெரும்பாலும் அனுமதியும் சேர்ந்தே வரும். ஆனால் அப்பாவின் பழைய கசெற்றிலிருந்து தவில் அடியை எடுத்தால்? வெளியிட முன்னர் அனுமதி கேட்க வேண்டும். வாசித்த வித்துவானின் பெயர் கசெற் உறையில் இல்லாவிட்டால் அம்மம்மாவைக் கேளுங்கள், அநேகமாகத் தெரிந்திருக்கும். பாட்டைத் தரும்போது அந்தப் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். ஒலிபரப்பில் வாசிக்கிறேன்.