மூன்று பக்கத்தில் ஒரு கண்டுபிடிப்பு

1962-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டர்ஹாம் என்னும் ஊரில் கூடிய ஒரு விஞ்ஞான மகாநாட்டில், காலியம் ஆர்செனைடு என்ற குறைகடத்திப் படிகம் தன்னுள் பாயும் மின்சாரத்தை மிகுந்த திறனுடன் அகச்சிவப்பு ஒளியாக மாற்றுகிறது என்று லிங்கன் ஆராய்ச்சிச் சாலையினர் எடுத்துரைத்தபோது, அதைக் கேட்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ராபர்ட் ஹால், அப்படிகத்தைக் கொண்டே லேசர் ஒன்று செய்துவிட இயலுமா என்று ஊர் திரும்பும் ரயிலிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அதே எண்ணம் ஐ.பி.எம். விஞ்ஞானிகளுக்கும், லிங்கன் சாலையினருக்கும், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சிராக்யூஸ் கிளையிலிருந்த நிக் ஹோலோனியாக்குக்கும் உதித்திருந்தது. செப்டம்பரில் ஹால் குழுவினர் வெற்றி கண்டனர். சில வாரங்களுக்குள் மற்றவர்களும் கண்டனர். ஹாலின் கட்டுரை ஃபிஸிகல் ரிவியூ லெட்டர்ஸ் சஞ்சிகையிலும், ஐ.பி.எம். குழுவின் கட்டுரை அப்ளைடு ஃபிஸிக்ஸ் லெட்டர்ஸ் சஞ்சிகையிலும் நவம்பர் 1-ஆம் தேதி, ஒரே நாளில், பிரசுரமாயின. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளியைத் தாம் பெற்றதைப் பற்றி ஹோலோனியாக் தம் சகாவுடன் சேர்ந்து எழுதியது டிசம்பர் மாதத்தில் இரண்டே பக்கங்களில் வந்தது.

அமெரிக்கப் பௌதிகக் கழகம் அப்ளைடு ஃபிஸிக்ஸ் லெட்டர்ஸைத் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில்தான். பிரயோக பௌதிகத்தில் ஒரு முடிவு கிடைத்தவுடனே, அதன் சகல விவரங்களும் விஸ்தாரமாக எழுதப்படும் வரை காத்திராமல், மூன்று நான்கு பக்கங்களுக்குள் அதை உலகத்துக்கு அறிவித்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். கட்டுரை, சஞ்சிகை ஆசிரியரின் கைக்கு வந்து சேர்ந்த தேதி கட்டுரையோடு சேர்த்து அச்சிடப்படுவதை வாசகர்கள் சாதாரணமான சம்பிரதாயம் என்று நினைக்கலாம். நான்கு குழுக்கள் ஒரே இலக்கை நோக்கி விரைந்த 1962 போன்றதொரு காலத்தில், யார் முந்தியவர் என்னும் வழக்குக்கு அந்தத் தேதியே முக்கியமான சாட்சி.

சுருக்கம் வேண்டும் என்பதற்காகப் பரிசோதனை தளர்த்தப்படுவதில்லை. ஆசிரியர் அக்கட்டுரையைத் துறை அறிந்த மதிப்பீட்டாளர்களிடம் அனுப்ப, அவர்கள் தம் பெயர் வெளிப்படாதபடி, இது புதியதா, சொன்னது நிரூபணமாகியிருக்கிறதா, பிறர் உடனே அறிய வேண்டிய அவசியம் இதில் உண்டா என்று ஆராய்ந்து அபிப்பிராயம் கூறுகிறார்கள். பக்க அளவைக் கணக்கிடும்போது சொற்கள் மட்டுமல்லாமல் படங்களும் அட்டவணைகளும் சமன்பாடுகளும் இத்தனை சொற்களுக்குச் சமம் என்று சேர்த்தே எண்ணப்படுவதால், பத்து வரைபடங்களை வைத்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர் அவற்றில் மூன்றையோ நான்கையோ மட்டுமே தேர்ந்துகொள்ளவேண்டியவராகிறார். தாம் கண்டவற்றுள் எது சாரம், எது அந்தச் சாரத்துக்கு ஆதாரம், எது வெறும் உழைப்பின் தடயம் என்று அவரைத் தரம் பிரிக்க வைக்கும் இந்த நிர்ப்பந்தத்தை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

1987 செப்டம்பரில் இதே சஞ்சிகையில் கோடாக் கம்பெனியின் சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் ஆகிய இருவரும் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை இதற்கு உத்தமமான உதாரணம். கரிமப் பொருள்களை மின்சாரத்தால் ஒளிரச் செய்யலாம் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தும், நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டதால் அது ஆராய்ச்சிச் சாலையை விட்டு வெளியே வரவில்லை. மயிரிழையின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கனத்தில் இரண்டு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, பத்து வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே பிரகாசமான பச்சை ஒளியை அவர்கள் பெற்றார்கள். எந்தப் பொருள், எவ்வளவு கனம், எதிர்மின்வாய்க்கு மக்னீசியமும் வெள்ளியும் கலந்த உலோகம், எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு ஒளி என்று, பிறரொருவர் செய்து பார்ப்பதற்கு இன்றியமையாத யாவும் அந்த மூன்று பக்கங்களில் இருந்தன. இன்று எண்ணற்ற கைபேசிகளின் திரைகள் அந்த வழியில் வந்தவையே. அவர்களும் அத்துடன் நின்றுவிடாமல், இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் படலங்களில் சாயப் பொருள்களைக் கலப்பதால் விளையும் மாறுதல்களை ஆராய்ந்து, 1989-இல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிஸிக்ஸ் என்னும் மூத்த சஞ்சிகையில் விரிவான கட்டுரையாக எழுதினார்கள்.

இந்த இரண்டாவது காரியத்தைச் செய்யாமல் விட்டுவிடுவதே இவ்வகைப் பிரசுரத்தில் உள்ள பெரிய அபாயம். உத்தியோகமும் பதவி உயர்வும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அளிக்கப்படும் இடங்களில், முழுமையாகச் சொல்லவேண்டிய ஒரே ஆராய்ச்சியைத் துண்டு துண்டாக்கிப் பல குறுங்கட்டுரைகளாக வெளியிடும் சபலம் உண்டாவது இயல்பு. அத்துண்டுகளைத் தேடிச் சேர்த்து ஒன்றாக்கிப் படிக்கும் பாரம் வாசகர் தலையில் விழுகிறது. இடம் போதாது என்னும் காரணத்தால் செய்முறை விவரங்களை விட்டுவிடும் பழக்கமும் உண்டு. இக்காலத்தில் அவற்றைக் கட்டுரையோடு தனி இணைப்பாக வெளியிட வசதி ஏற்பட்டிருப்பதால், அந்தக் காரணத்துக்கு இனி இடமில்லை. வேறொரு தேசத்தில் அதே படலத்தை வளர்க்க முயலும் மாணவருக்குத் தலைப்பிலுள்ள பெருமிதத்தைவிட, உலை எந்த வெப்பநிலையில் இருந்தது, வெற்றிடம் எவ்வளவு தூயது, பத்து மாதிரிகளில் எத்தனை தவறின என்பவையே வேண்டும். அவை இல்லாத கட்டுரையை, புதுமை எவ்வளவு இருந்தபோதிலும், மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பி அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.