நீளமான இங்கிலீஷ் வாக்கியத்தை எங்கே பிடிக்கணும்?

திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கிற என் மாமா, ஒரு பையர் அனுப்பின மெயிலைக் காட்டினார். "ஜூன் 30 தாண்டினாலும் சரக்கை எடுத்துக்குவாங்களாம்டா!"

நான் முழுசா படிச்சேன்: 'வீ வில் அக்செப்ட் கூட்ஸ் தட் லீவ் யுவர் ஃபேக்டரி ஆஃப்டர் ஜூன் 30 ஒன்லி இஃப் யூ சென்ட் தெம் பை ஏர் அட் யுவர் காஸ்ட்.' தூத்துக்குடியில கப்பல் ஏறவேண்டிய சரக்கு, மாமா செலவுல ஃப்ளைட்ல போகணும். லாபமே காலி.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். அது வந்தா விஷயம் முடிஞ்சது. இங்கிலீஷ்ல 'அக்செப்ட்' முன்னாடியே வந்துடும், நிபந்தனை பின்னாடி வரும். பெயரை விவரிக்கிற பகுதியும் அப்படித்தான். நாம 'நேத்து வந்த பையன்'னு சொல்றோம். சீன மொழியிலயும் இதே வரிசைதான். இங்கிலீஷ்ல பையன் முதல்ல, 'நேத்து வந்த' பிறகு.

அதனால மூணு ஸ்டெப்:
1. முக்கிய வினையைப் பிடிங்க.
2. 'இஃப்', 'அன்லெஸ்' பகுதியை வெட்டி முன்னாடி வைங்க.
3. 'தட்', 'விச்' பகுதியை அதோட பெயருக்கு முன்னாடி வைங்க.

இப்போ படிங்க: 'உங்க செலவுல ஃப்ளைட்ல அனுப்பினா மட்டும், ஜூன் 30-க்கு அப்புறம் ஃபேக்டரியை விட்டுக் கிளம்புற சரக்கை எடுத்துக்குவோம்.'

மாமா அன்னைக்கே பவர் டேபிளுக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டார்.