ஒலிவாங்கிக் கேபிளை நீட்டினால் ஒலி கெடுமா?

மாணவர்களே, வீட்டில் ஒரு பாடலையோ பேச்சுப் போட்டி உரையையோ பதிவு செய்திருக்கிறீர்களா? திரும்பக் கேட்டால் உங்கள் குரலுக்குப் பின்னால் கணினி விசிறியின் இரைச்சலும் கேட்கும். ஒலிவாங்கியை அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் இரைச்சல் குறையும். அதற்குச் சுமார் 10 மீட்டர் கேபிள் வேண்டும். "நீளமான கேபிள் ஒலியைக் கெடுத்துவிடும்" என்பார் நண்பர். விலை உயர்ந்த, தங்கமுலாம் பூசிய கேபிளைக் காட்டுவார் கடைக்காரர். பணத்தைக் கொடுக்கும் முன், இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

குரல் 2 மில்லிவோல்ட், சுவர் 230 வோல்ட்

மேடைகளில் பரவலாகப் பயன்படும் ஷூர் எஸ்எம்58 ஒலிவாங்கியை எடுத்துக்கொள்வோம். 1 பாஸ்கல் ஒலியழுத்தம் அதன்மீது பட்டால், வெளிவரும் மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. அருகிலுள்ள சுவரில் ஓடும் மின்சாரம் 230 வோல்ட். அது குரலின் மின்னழுத்தத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகம்!

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால், மின்கம்பியைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதைப் படிவம் 5 மின்காந்தவியலில் படிப்பீர்கள். பதிவில் கேட்கும் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் அதன் விளைவுதான்.

ஒரு கழித்தல் கணக்கு

நல்ல ஒலிவாங்கிக் கேபிளுக்குள் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றைச் சுற்றிச் செப்பு இழைகளால் பின்னிய வலையுறை இருக்கும். வலையுறை மின்புலத்தைத் தடுக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அது அவ்வளவாகத் தடுக்காது. அதற்காகத்தான் கம்பிகளை முறுக்கியிருக்கிறார்கள். முறுக்கினால் இரு கம்பிகளும் இரைச்சலை ஏறக்குறைய சம அளவில் வாங்கும். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது.

குரல் ஒரு கம்பியில் +1 மில்லிவோல்ட்டாகவும் மற்றொன்றில் -1 மில்லிவோல்ட்டாகவும் போகிறது என்போம். வழியில் இரண்டிலும் 0.5 மில்லிவோல்ட் இரைச்சல் சேர்கிறது. இப்போது ஒன்றில் 1.5, மற்றொன்றில் -0.5. மறுமுனையில் உள்ள பெருக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். 1.5 - (-0.5) = 2. குரல் முழுமையாக வந்து சேர்ந்தது. இரைச்சல் காணாமல் போனது! இதைச் 'சமநிலை இணைப்பு' என்கிறோம்.

அப்படியானால் நீளம்?

கேபிள் ஒரு சிறிய மின்தேக்கியைப் போலவும் செயல்படுகிறது. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று கொள்வோம். ஒலிவாங்கியின் மின்மறுப்பும் இந்த மின்தேக்கமும் சேர்ந்து உயர் அதிர்வெண்களைக் குறைக்கும்.

150 ஓம் ஒலிவாங்கியோடு 30 மீட்டர் கேபிளை இணைத்தால், இந்தக் குறைவு சுமார் 3,50,000 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். மனிதச் செவியின் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே கவலை வேண்டாம். அதே கேபிளை 10,000 ஓம் மின்மறுப்புள்ள கருவியோடு இணைத்தால், சுமார் 5,300 ஹெர்ட்ஸிலேயே குறையத் தொடங்கும், ஒலி மங்கிவிடும். கிட்டார் கேபிளை நீட்டக் கூடாது என்பது இதனால்தான். அந்த அறிவுரை ஒலிவாங்கிக் கேபிளுக்குப் பொருந்தாது.

வாங்கும்போது கவனியுங்கள்

* இரு முனைகளிலும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருக்கட்டும். ஒரு முனையில் ஊசிகளும் மறுமுனையில் துளைகளும் இருப்பதால், ஒரு கேபிளோடு இன்னொன்றை நேரடியாகக் கோத்து நீட்டலாம்.
* ஒரு முனையில் 6.35 மில்லிமீட்டர் செருகி உள்ள கேபிள்களும் கிடைக்கும். செருகியில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அது சமநிலைக் கேபிள் அல்ல. மேலே பார்த்த கழித்தல் அங்கே நடக்காது. கண்டென்சர் ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதில் போகாது.
* ஒலிபெருக்கிக் கம்பியை வெட்டி ஒட்டி நீட்டாதீர்கள். அதில் வலையுறை இல்லை.
* தங்கமுலாம் இணைப்பு அரிக்காமல் காக்கும். குரலை இனிமையாக்காது.
* யுஎஸ்பி ஒலிவாங்கிக்குக் கணக்கு வேறு. யுஎஸ்பி 2.0 கேபிளின் வரம்பு 5 மீட்டர். அதைத் தாண்டினால் தொடர்பே அறுந்துபோகலாம்.

எச்சரிக்கை: ரீங்காரத்தைப் போக்க, மூன்று ஊசிச் செருகியின் நிலக்கம்பியைக் கழற்றிவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் உங்கள் உயிரைக் காப்பது அந்தக் கம்பிதான். அதற்குப் பதிலாக, கணினி, ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றுக்கும் ஒரே சுவர்ச் செருகுவாயிலிருந்து மின்சாரம் எடுத்துப் பாருங்கள்.

முயன்று பாருங்கள்

ஒலிவாங்கிக் கேபிளை ஒரு மின்கம்பியோடு 1 மீட்டர் தூரத்துக்கு ஒட்டியபடி கிடத்துங்கள். பேசாமல் 20 விநாடி பதிவு செய்யுங்கள். அடுத்து, இரண்டையும் 30 சென்டிமீட்டர் விலக்கிப் பதிவு செய்யுங்கள். மூன்றாவதாக, இரண்டும் செங்கோணத்தில் குறுக்கிடும்படி வைத்துப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் மூன்றின் அதிர்வெண் வரைபடங்களையும் ஒப்பிடுங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் முகடுகள் எழுகின்றனவா? மூன்றிலும் வேறுபாடே தெரியவில்லை என்றால், உங்கள் கேபிள் கழித்தல் கணக்கைச் சரியாகவே போடுகிறது. புதிய கேபிளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.