உலாவித் தாவல்களின் காப்பும் நினைவகப் பயன்பாடும்

உலாவித் தாவல்களின் காப்பு என்பது, இணைய உலாவியில் திறந்திருக்கும் பக்கங்களின் பட்டியலை, உலாவி மூடப்பட்டாலோ செயலிழந்தாலோ மீண்டும் பெறத்தக்க வகையில் வட்டில் சேமித்து வைத்தல் ஆகும். தாவல்கள் கணினியின் முதன்மை நினைவகத்தில் கொள்ளும் இடத்தைக் குறைத்தல் இதனுடன் பிரிக்க இயலாத தொடர்புடையது. ஒரு தாவலைப் பற்றிய விவரம் வட்டில் பத்திரமாக இருந்தால் மட்டுமே அதனை நினைவகத்திலிருந்து அச்சமின்றி அகற்ற முடியும். தாவல் என்பது தமிழில் கீற்று, தத்தல் எனவும் வழங்கப்படுகிறது. பயர்பாக்ஸ் உலாவியின் தமிழ்ப் பதிப்பு கீற்று என்ற சொல்லையும், குரோம் தாவல் என்ற சொல்லையும் கொண்டுள்ளன.

வரலாறு

ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறக்கும் வசதி 1990களிலேயே நெட்கேப்டர் போன்ற சிறு உலாவிகளில் இருந்தது. மொசில்லா உலாவி 2001 ஆம் ஆண்டில் இதனைச் சேர்த்துக்கொண்டது. நவம்பர் 2004 இல் வெளியான பயர்பாக்ஸ் 1.0 இவ்வசதியைப் பெருந்திரளான பயனர்களிடம் கொண்டு சென்றது. இன்டர்நெட் எக்சுபுளோரர் 2006 இல் தனது ஏழாம் பதிப்பில்தான் தாவல்களை ஏற்றது.

தாவல்கள் பயனரின் பழக்கத்தையே மாற்றிவிட்டன. தனித்தனிச் சாளரங்கள் இருந்த காலத்தில் ஐந்தாறு சாளரங்களுக்கு மேல் திறந்தால் பணிப்பட்டை நிரம்பிவிடும். எனவே பயனர் தாமே மூடிவிடுவார். தாவல்களுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. பிறகு படிக்கலாம் என்று ஒதுக்கிய கட்டுரை, பாதி நிரப்பிய படிவம், ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்த மூன்று கடைகளின் விலைப்பட்டியல் ஆகிய யாவும் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் குரோம் உலாவி, தாவல்களின் எண்ணிக்கை 99 ஐத் தாண்டியதும் எண்ணைக் காட்டுவதை நிறுத்திச் சிரிக்கும் முகக்குறி ஒன்றை இடுவது இப்பழக்கத்தின் பரவலுக்குச் சான்று.

இவ்வாறு தாவல்கள் நினைவுக் குறிப்பேடாக மாறியபின், உலாவி திடீரென முடங்குவது பல நாள் உழைப்பை இழப்பதற்கு ஒப்பானதாயிற்று. தொடக்கத்தில் செஷன்சேவர், டேப் மிக்ஸ் பிளஸ் முதலிய நீட்சிகள் இக்குறையைப் போக்கின. அக்டோபர் 2006 இல் வெளியான பயர்பாக்ஸ் 2.0, அமர்வு மீட்பை உலாவியின் உள்ளமைந்த வசதியாக்கியது. இன்று முதன்மையான உலாவிகள் அனைத்திலும் இது உண்டு.

அமர்வுக் கோப்பு

உலாவி ஒன்றின் திறந்த சாளரங்கள், அவற்றின் தாவல்கள் ஆகியவற்றின் தொகுப்பு அமர்வு எனப்படும். பயர்பாக்ஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது இயல்பாக 15 நொடிகளுக்கு ஒரு முறை அமர்வின் நிலையைக் கோப்பொன்றில் எழுதுகிறது. மாற்றம் ஏதும் இல்லையெனில் எழுதுவதில்லை. ஒவ்வொரு தாவலின் முகவரி, தலைப்பு, பின்செல்வதற்கான வரலாறு, பக்கத்தில் எவ்வளவு தூரம் உருட்டப்பட்டிருந்தது, படிவங்களில் எழுதிய உரை என்பன இதில் அடங்கும். பக்கத்தின் உள்ளடக்கம் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மீட்கும்போது உலாவி அப்பக்கத்தை மீண்டும் இணையத்திலிருந்தே பெறுகிறது. இடைப்பட்ட காலத்தில் அத்தளம் மறைந்திருந்தால், மீள்வது தலைப்பும் முகவரியும் மட்டுமே.

பயனரின் தன்விவர அடைவினுள் 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்' எனும் துணை அடைவில் பயர்பாக்ஸ் பல படிகளை வைத்திருக்கிறது. 'ரெக்கவரி' எனத் தொடங்குபவை தற்போது நடக்கும் அமர்வுக்கும் அதன் முந்தைய படிக்கும் உரியவை. 'பிரீவியஸ்' என்பது இதற்கு முன் நடந்த அமர்வு. 'அப்கிரேட்' எனத் தொடங்குபவை உலாவி புதிய பதிப்புக்கு மாறும் சமயத்தில் எடுக்கப்பட்டவை. தாவல்கள் காணாமற்போன பின்னர் மீட்க முயல்வோர் இவற்றில் எது எதுவென அறிந்திருத்தல் இன்றியமையாதது. உலாவியைத் திறந்து வெறுமையான சாளரத்தைக் கண்டவுடன், பதற்றத்தில் அதனை மூடுவதும் திறப்பதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் வெறுமையான அமர்வே புதிய படியாக எழுதப்படும்; நல்ல படி பின்னுக்குத் தள்ளப்பட்டு இறுதியில் அழிந்துபோகும். தாவல்களை இழந்தவர்களில் பலர் உண்மையில் இழந்தது முதல் முறையில் அன்று, இரண்டாம் மூன்றாம் முறைகளில்தான்.

எனவே முதற்பணி, வேறெதையும் தொடுமுன் அந்த அடைவை முழுமையாக வேறிடத்துக்குப் படியெடுப்பதாகும். அதன்பின் உலாவியை முற்றாக மூடி, தேவையான படியை 'செஷன்ஸ்டோர்' என்ற பெயருக்கு மாற்றித் தன்விவர அடைவின் மேல்மட்டத்தில் இட்டு, உலாவியைத் திறந்தால் பழைய அமர்வு திரும்பும். இக்கோப்புகள் ஜேசன் வடிவில் எழுதப்பட்டு எல்இசட்4 முறையில் சுருக்கப்பட்டவை. மொசில்லா தனக்கெனத் தனித் தலைப்புக் குறியொன்றைக் கோப்பின் தொடக்கத்தில் சேர்ப்பதால், பொதுவான விரிப்பு மென்பொருள்களால் இவற்றைத் திறக்க இயலாது.

குரோமும் அதன் அடித்தளத்தில் அமைந்த பிற உலாவிகளும் இவ்விவரங்களைத் தன்விவர அடைவில் 'செஷன்ஸ்' என்ற துணை அடைவில் இரும வடிவில் வைத்திருக்கின்றன. இங்கும் மேற்சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது நேரும் பிழையும் குறிப்பிடத்தக்கது. நூறு தாவல்கள் உள்ள சாளரத்தை முதலில் மூடி, ஒரே தாவல் உள்ள சிறு சாளரத்தைக் கடைசியாக மூடினால், கடைசி அமர்வு என உலாவி கருதுவது அந்த ஒற்றைத் தாவலையே. பெரிய சாளரம் அண்மையில் மூடியவற்றின் பட்டியலில் சில காலம் இருக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், டி விசைகளைச் சேர்த்து அழுத்தி அதனை மீட்கப் பார்க்கலாம். சாளரங்களை ஒவ்வொன்றாக மூடாமல் பட்டியிலிருந்து வெளியேறும் கட்டளையைப் பயன்படுத்துவதே நன்று. தனியுரிமைச் சாளரங்களில் திறந்தவை எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அவற்றின் நோக்கமே அதுவாகும்.

நெடுங்காலக் காப்பு

அமர்வுக் கோப்பு விபத்துக்கான பாதுகாப்பு மட்டுமே. வன்தட்டு பழுதடைந்தால் அதுவும் உடன்போகும். கணக்கின் வழியே கருவிகளிடையே தாவல்களை ஒத்திசைக்கும் வசதியையும் காப்பாகக் கொள்ளலாகாது: ஒரு கருவியில் மூடிய தாவல் மற்றதன் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடும்.

நெடுங்காலத்துக்கு நிற்கக்கூடிய எளிய வழி, திறந்துள்ள தாவல்கள் அனைத்தையும் ஒரே அடைவில் புத்தகக்குறிகளாக இடுதலாகும். குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், டி எழுத்துக்கு முன்னர் பயன்பட்ட அதே இணைப்பு இங்கு உதவாது, அது மீட்புக்குரியது. புத்தகக்குறிக்கு 'டி' ஒலியுடைய நான்காம் ஆங்கில எழுத்தையும், மீட்புக்கு இருபதாம் எழுத்தையும் அழுத்த வேண்டும். பின்னர்ப் புத்தகக்குறிகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறொரு வட்டில் வைக்கலாம். இக்கோப்பை எந்த உலாவியும் திறக்கும். பத்தாண்டுகள் கழித்தும் திறக்கும் என்பதே இதன் சிறப்பு. ஆனால் படிவ உரையும் பின்செல்லும் வரலாறும் இதில் வாரா.

முகவரிகளை மட்டும் உரைக்கோப்பில் ஒட்டி வைப்போரும் உளர். தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முகவரியில் உள்ள தமிழ் எழுத்துகள் பல உலாவிகளில் படியெடுக்கும்போது விழுக்காட்டுக் குறியீடாக மாறிவிடும். ஒருங்குறியில் தமிழ்க் குறியொன்று மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. ஒவ்வொரு பைட்டும் மூன்று வரியுருக்களாக எழுதப்படுகிறது. 'தமிழ்' என்ற ஐந்து குறிகள் கொண்ட சொல் 45 வரியுருக்களாக நீளும். ஓராண்டு கழித்து அப்பட்டியலைப் பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் எதுவெனப் புரியாது. ஆகவே முகவரியுடன் தலைப்பையும் சேமித்தல் வேண்டும்.

பயர்பாக்ஸின் அமர்வுக் கோப்பையே படியெடுத்து வைப்போர் அதன் இரகசியத் தன்மையை மறக்கலாகாது. உள்நுழைவைக் குறிக்கும் நினைவிகளும் அதில் இருக்கக்கூடும். அக்கோப்பு பிறர் கையில் சிக்கினால் கடவுச்சொல் அறியாமலே பயனரின் கணக்குகளுக்குள் நுழைய வாய்ப்புண்டு. பொதுக் கணினியில் விட்டுச் செல்வதும், பிறரிடம் அனுப்பிச் சரிபார்க்கக் கேட்பதும் தவறு.

தாவல்கள் நினைவகத்தைக் கொள்ளும் விதம்

சில நூறு கிலோபைட் அளவுள்ள பக்கம் நினைவகத்தில் பல பத்து மெகாபைட் எடுப்பது பலருக்கு வியப்பளிக்கிறது. படங்கள் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. 4000 படவணு அகலமும் 3000 படவணு உயரமும் உடைய ஒளிப்படம் சுருக்கிய கோப்பாக 3 மெகாபைட் இருக்கலாம். திரையில் வரைய அதனை விரித்தாக வேண்டும். 1 கோடியே 20 இலட்சம் படவணுக்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என 48 மெகாபைட் ஆகிறது. இதனாலேயே பின்னணியில் உள்ள தாவல்களின் விரித்த படங்களை உலாவிகள் கைவிட்டுவிடுகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பங்கு பக்கத்தின் கட்டமைப்புக்கும், யாவாகிறிட்டு நிரல்கள் உருவாக்கும் தரவுகளுக்கும் உரியது.

பயர்பாக்ஸ் 1.5 (2005) பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் பக்கம் உடனே தோன்றுவதற்காக, பார்த்த பக்கங்களை வரைந்த நிலையிலேயே நினைவகத்தில் வைத்தது. பயனர்கள் இதனை நினைவகக் கசிவு என்றே குறைகூறினர். உண்மையான கசிவுகளும் இருந்தன. 2008 இல் வந்த பயர்பாக்ஸ் 3 பலவற்றைச் சரிசெய்தது. 2011 இல் மொசில்லா தொடங்கிய மெம்சிரிங்க் திட்டம் இதனை முறையாக அணுகியது. மிகுதியான கசிவுகளுக்கு உலாவியன்றி நீட்சிகளே காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஆகத்து 2012 இல் வெளியான பயர்பாக்ஸ் 15, நீட்சிகள் மூடிய பக்கங்களைப் பிடித்து வைத்திருப்பதைத் தடுத்தது.

மற்றொரு பக்கம், நினைவகப் பயன்பாடு கூடுவதற்கு நியாயமான காரணங்களும் தோன்றின. செப்டம்பர் 2008 இல் வெளிவந்த குரோம், தாவல்களைத் தனித்தனிச் செயலாக்கங்களில் இயக்கியது. ஒரு பக்கம் முடங்கினால் மற்றவை தப்பும். ஆனால் ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் தனிச் செலவு உண்டு. சனவரி 2018 இல் இசுபெக்டர் எனும் செயலிப் பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின், வேறுபட்ட தளங்களை ஒரே செயலாக்கத்தில் வைப்பது ஆபத்தானது என்றாயிற்று. அதே ஆண்டு குரோம் 67 தளப் பிரிப்பை நடைமுறைப்படுத்தியபோது நினைவகப் பயன்பாடு சுமார் 10 முதல் 13 விழுக்காடு கூடும் என கூகுள் அறிவித்தது. பயர்பாக்ஸும் 2021 இன் இறுதியில் இவ்வழிக்கு வந்தது. எனவே நினைவகத்தைத் தின்னும் உலாவி என்று கேலி பேசும்போது, அதில் ஒரு பகுதி வங்கிக் கணக்கைக் காக்கும் சுவரின் விலை என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

நினைவகம் நிரம்பியிருப்பது மட்டுமே குறையன்று. பயன்படாத நினைவகத்தால் எவருக்கும் நன்மையில்லை. இயங்குதளம் இடமின்றித் தரவுகளை வட்டுக்கு மாற்றத் தொடங்கும்போதுதான் கணினி தள்ளாடுகிறது.

தாவல்களை இறக்கி வைத்தல்

பயன்பாட்டில் இல்லாத தாவலின் உள்ளடக்கத்தை நினைவகத்திலிருந்து நீக்கி, பட்டையில் அதன் பெயரை மட்டும் விட்டுவைப்பதே பயன்மிக்க முறை. சொடுக்கியதும் பக்கம் மீண்டும் ஏற்றப்படும். பயர்பாக்ஸ் 13 (2012) முதல், மீட்கப்படும் அமர்வின் தாவல்கள் பயனர் தேர்ந்தெடுக்கும் வரை ஏற்றப்படுவதில்லை. 2017 இல் மொசில்லா பொறியாளர் ஒருவர் தமது 1691 தாவல்களைக் கொண்டு சோதித்தபோது, முந்தைய பதிப்புகள் திறக்கப் பல நிமிடங்கள் எடுத்தன. பயர்பாக்ஸ் 55 சுமார் 15 நொடிகளில் திறந்தது.

குரோம் 2015 முதல் நினைவகம் குறையும் வேளையில் தாவல்களைக் கைவிடுகிறது. 2022 இன் இறுதியில் நினைவகச் சேமிப்பு முறையை விருப்பத் தேர்வாகச் சேர்த்தது. எட்ஜ் உலாவியில் உறங்கும் தாவல்கள் 2021 இல் வந்தன. பயர்பாக்ஸ் 93 (2021) விண்டோசில் நினைவகம் தீரும் நிலையில், நெடுநேரம் பார்க்கப்படாத தாவல்களை முதலில் இறக்குகிறது. பயர்பாக்ஸ் 140 (2025) முதல் பயனரே தாவலின் மேல் வலச்சொடுக்கி அதனை இறக்கலாம். ஒலி இயங்கும் தாவல்களை உலாவிகள் பொதுவாகத் தவிர்க்கின்றன. எனினும் நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் தாவலை இறக்குமுன் உரையைப் படியெடுத்து வைப்பது நல்லது.

எந்தத் தாவல் எவ்வளவு எடுக்கிறது என்பதைக் குரோமில் ஷிப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தியும், பயர்பாக்ஸில் செயலாக்க மேலாளர் பக்கத்திலும் காணலாம். பெரும்பாலும் நூறு தாவல்களில் மூன்று நான்கே பெருந்தீனிக்காரர்களாக இருக்கும்.

நீட்சிகளை நம்புதல்

உலாவிகளில் இவ்வசதி இல்லாத காலத்தில் நீட்சிகள் இப்பணியைச் செய்தன. ஒன்டேப் எல்லாத் தாவல்களையும் மூடி ஒரே பக்கத்தில் பட்டியலாக்குகிறது. அப்பட்டியல் நீட்சியின் சொந்தச் சேமிப்பில் இருப்பதால், நீட்சியை நீக்கினால் பட்டியலும் அழியும். அவ்வப்போது உரையாக ஏற்றுமதி செய்தல் அவசியம். நவம்பர் 2017 இல் பயர்பாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டபோது, செஷன் மேனேஜர் நீட்சியில் ஆண்டுக்கணக்கில் அமர்வுகளைச் சேர்த்தவர்கள் அவற்றைப் புதிய நீட்சிகளுக்கு மாற்ற வழிதேட நேர்ந்தது.

தி கிரேட் சசுபெண்டர் எனும் குரோம் நீட்சியின் கதை இன்னும் கடுமையானது. கட்டற்ற மென்பொருளாக எழுதப்பட்ட இதனை அதன் ஆக்குநர் 2020 இல் வேறொருவருக்கு விற்றார். புதிய உரிமையாளர் ஐயத்துக்குரிய நிரல்களைச் சேர்த்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பெப்ரவரி 2021 இல் தீநிரல் எனக் குறித்து கூகுள் அதனைப் பயனர்களின் உலாவிகளில் முடக்கியது. உறக்கத்தில் இருந்த தாவல்கள் யாவும் நீட்சியின் சொந்தப் பக்கங்களாக மாற்றப்பட்டிருந்தமையால், நீட்சி முடங்கியவுடன் அவையும் மூடின. பயனர்கள் தம் உலாவி வரலாற்றில் நீட்சியின் பெயர்க்குறியைத் தேடினர். உறங்கிய பக்கத்தின் நீண்ட முகவரியின் இறுதியில் அசல் முகவரி ஒட்டப்பட்டிருந்தது. அதனை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துத் தாவல்களை மீட்டனர்.