பதினோராம் வகுப்பிலேயே பிடிக்கிறது கல்லூரிக் கவலை!

மார்ச் மாதத்தில் ஒரு மாலை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். பகலில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் நீள மேஜைகளில் இப்பொழுது பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்தவர்கள் சிலர். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் சிலர். பக்கத்தில், தாங்களாக வரவில்லை என்பதை முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு பையன்களும் பெண்களும். முன்னால் நிற்கும் ஆலோசக ஆசிரியை ஆளுக்கொரு தாளைக் கொடுக்கிறார். தாள் நிறைய மாதங்களும் தேதிகளும்!

இந்தக் கூட்டத்தைப் பல பள்ளிகளில் 'ஜூனியர் நைட்' என்று சொல்லுகிறார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளிப் படிப்பு 4 வருஷம். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூனியர் என்று பெயர். 12-ஆம் வகுப்புக்குப் போய்விட்டால் சீனியர். பள்ளி முடிய இன்னும் ஒன்றேகால் வருஷம் இருக்கிறதே, இப்பொழுதே என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். கல்லூரியில் சேருவது என்னவோ 12-ஆம் வகுப்பு முடிந்த பிறகுதான். ஆனால் விண்ணப்பம் போக வேண்டியது, 12-ஆம் வகுப்பு தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களுக்குள்! முந்திக்கொண்டு போடுகிறவர்களுக்கு நவம்பர் முதல் தேதியே பல கல்லூரிகளில் கெடு. மற்றவர்களுக்கு ஜனவரி வாக்கில். ஆகவே கல்லூரிக்காரர்கள் கையில் கிடைக்கும் மார்க்குப் பட்டியலில், முழுசாக இருக்கும் கடைசி வருஷம் 11-ஆம் வகுப்புத்தான்.

பரீட்சை மட்டும் போதாது

மார்க்குப் பட்டியலோடு விஷயம் முடிந்துவிட்டால் யாருக்கும் தூக்கம் கெடாது. எஸ்.ஏ.டி. என்ற பரீட்சை ஒன்று உண்டு. 1926-இல் தொடங்கிய பழைய பரீட்சை, 1,600-க்கு மார்க்கு. 1959-இல் ஏ.சி.டி. என்று அதற்கு ஒரு போட்டிப் பரீட்சையும் பிறந்தது. 2020-இல் கொள்ளை நோய் வந்து பரீட்சைக் கூடங்கள் மூடப்பட்டபோது, 'மார்க்கு அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி' என்று நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அறிவித்தன. பிறகு சில மனம் மாறின. எம்.ஐ.டி. 2022-இல் பரீட்சையைத் திரும்பக் கேட்டது. டார்ட்மத்தும் ஹார்வர்டும் 2024-இல் கேட்டன. கலிபோர்னியாப் பல்கலைக் கழகமோ, கொடுத்தாலும் பார்க்கமாட்டேன் என்கிறது! எந்தக் கல்லூரி எந்தக் கட்சி என்று விசாரித்து வைத்துக்கொள்வதே பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பாடம்.

அதற்கு மேல் ஆசிரியர்களின் சிபார்சுக் கடிதம். 11-ஆம் வகுப்பில் பாடம் நடத்தியவரிடம் வாங்குவதே உசிதம் என்பார்கள். பையனை அண்மையில் முழு வருஷமும் பார்த்தவர் அவர்தானே! ஜூன் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நல்ல ஆசிரியரிடம் நாற்பது ஐம்பது பேர் கேட்பார்கள். செப்டம்பரில் போய் நின்றால் அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

கடைசியில் கட்டுரை. 1975-இல் 15 கல்லூரிகள் கூடி, ஒரே விண்ணப்பத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தன. அந்தப் 'பொது விண்ணப்ப'த்தை இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் மாணவன் தன்னைப் பற்றி 650 சொற்களுக்குள் எழுத வேண்டும். பள்ளிக்கு வெளியே என்ன செய்தான் என்பதற்கு 10 கட்டங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதுதான் பெரிய கண்டம்.

வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத பிள்ளை இந்த இடத்தில் தவறுகிற தவறு மனத்தைத் தொடுவது. தாய் இரவு வேலைக்குப் போகிறாள். தம்பி தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சமைத்துப் போட்டு, பாடம் சொல்லிக்கொடுத்துத் தூங்க வைப்பவள் 11-ஆம் வகுப்பில் படிக்கும் மூத்த பெண். அந்த 10 கட்டங்களைப் பார்த்து, "எனக்கு ஒன்றுமில்லையே, நான் எந்தச் சங்கத்திலும் இல்லையே" என்று காலியாக விட்டுவிடுகிறாள்! குடும்பப் பொறுப்பும், கூலிக்குச் செய்த வேலையும் அந்தக் கட்டங்களில் எழுதத் தக்கவை என்று விண்ணப்பமே சொல்லுகிறது. ஆனால் அதைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும் அல்லவா?

385 பேருக்கு ஒருவர்

அந்த ஒருவர்தாம் பள்ளியின் ஆலோசக ஆசிரியர். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய தேசிய சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் நாட்டின் சராசரி 385 பேருக்கு ஒருவர். அவருக்குக் கல்லூரி விஷயம் ஒன்றுதான் வேலை என்றும் இல்லை. வகுப்பு மாற்றம், வீட்டுச் சண்டை, பள்ளிக்கு வராத பையன், மனம் உடைந்த பெண், எல்லாம் அவர் மேஜைக்கே வரும். ஒரு பிள்ளைக்கு வருஷத்தில் எத்தனை நிமிஷம் மிஞ்சும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பணம் உள்ளவர்கள் தனி ஆலோசகரை அமர்த்திக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு அவர் தேதிகளை நினைவூட்டுவார், கட்டுரையைத் திருத்தச் சொல்வார். அது சட்டப்படி நடக்கும் தொழில்தான். சட்டத்தை மீறியும் நடந்தது. வில்லியம் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், செல்வர்களிடம் மொத்தத்தில் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வாங்கி, பரீட்சை மார்க்கைத் திருத்தியும், விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்தும் பிள்ளைகளைப் பேர்பெற்ற கல்லூரிகளில் நுழைத்த வழக்கு 2019 மார்ச்சில் வெடித்தது. 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை வருஷச் சிறை விதித்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் அந்தச் செல்வர்களைப் பற்றியே எழுதின. அவர்கள் பிள்ளைகள் எப்படியும் ஏதோ ஒரு கல்லூரிக்குப் போயிருப்பார்கள். கேட்பாரில்லாமல் நிற்பது அந்தக் காலிக் கட்டங்கள்தாம்.

கடல் கடந்து போன தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் ஒரு தடுமாற்றம் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பு நுழைவுத் தேர்வும் மார்க்கும். 2007 முதல் பிளஸ் டூ மார்க்கே அளவுகோல். மார்க்கு வாங்கினால் வரிசையில் முன்னால் நிற்கலாம், வரிசைப்படி இடம். இந்த வழியில் ஏறிப் போன தகப்பனாருக்கு, 1,600-க்கு 1,550 வாங்கிய மகனுக்கு ஏன் இடம் இல்லை என்பது விளங்குவதே இல்லை. அங்கே வரிசை என்பதே கிடையாது என்று ஏற்றுக்கொள்ளச் சில காலம் பிடிக்கிறது. ஆனாலும் இந்த வீடுகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய ஆஸ்தி.

விலைச் சீட்டும் விலையும்

இத்தனைக்கும் மேலே நிற்கிறது பணம். பேர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல். இதைக் கேட்டதும் ஏழைத் தகப்பன் வாசலிலேயே திரும்பிவிடுகிறான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகையை அவனிடம் யாரும் கேட்கப்போவதில்லை! வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெரிய கல்லூரி, பக்கத்து ஊர்ச் சாதாரணக் கல்லூரியைவிட மலிவாக முடிவதும் உண்டு. உண்மையில் எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று உத்தேசமாகக் கணக்கிட்டுக் காட்டும் வசதியை ஒவ்வொரு கல்லூரியும் தன் வலைத்தளத்தில் வைக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டமே இருக்கிறது. 11-ஆம் வகுப்பு வசந்த காலத்தில் ஒரு மாலை உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தால் பாதிப் பயம் தெளியும்.

மத்திய அரசாங்கத்தின் பெல் உதவித்தொகை, திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். 2024-25-இல் அதன் உச்சம் 7,395 டாலர். அதைப் பெற 'ஃபாஃப்சா' என்ற அரசாங்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். வழக்கமாக அக்டோபர் முதல் தேதி திறக்கும். அதைச் சுலபமாக்குகிறோம் என்று சொல்லி 2023-இல் புதுப்பித்தார்கள். சுலபமாவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது! படிவம் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. திறந்த பின்னும் கோளாறுகள். பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பிள்ளைகள் பல வாரங்கள் படிவத்தை அனுப்ப முடியாமல் தவித்தார்கள். எவ்வளவு உதவி கிடைக்கும் என்று தெரியாமலே கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. பல கல்லூரிகள் மே முதல் தேதிக் கெடுவைத் தள்ளிவைத்தன.

தபாலில் வந்த வாக்குறுதி

2015-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சோதனை தொடங்கியது. அங்கே 11-ஆம் வகுப்பினர் எல்லோரும் தங்கள் பள்ளியிலேயே கல்லூரிப் பரீட்சையை எழுதிவிடுகிறார்கள். ஆகவே எந்த ஏழைப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்பது மாநிலத்துக்குத் தெரியும். மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் அப்போது இருந்த பொருளாதாரப் பேராசிரியை சூசன் டைனார்ஸ்கியும் சகாக்களும், அத்தகைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு, சீனியர் வருஷத் தொடக்கத்தில், வீட்டுக்குத் தபாலில் ஒரு பெரிய உறை போயிற்று. 'எங்கள் ஆன் ஆர்பர் கல்லூரிக்கு விண்ணப்பம் போடு. இடம் கிடைத்தால் 4 வருஷமும் உனக்குச் சம்பளம் கிடையாது; அதற்காக எந்தப் பணப் படிவமும் நிரப்ப வேண்டாம்' என்பது அதன் சாரம். பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் தனியே தகவல் போயிற்று.

உறை வராத பள்ளிகளில், அத்தகைய பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர்தாம் விண்ணப்பம் போட்டார்கள். உறை வந்தவர்களிலோ மூன்றில் இரண்டு பேர்! சேர்ந்தவர்கள் தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. இதில் பல்கலைக் கழகம் புதிதாகக் கொடுத்தது மிகக் கொஞ்சம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வழக்கமான உதவி முறையிலேயே இலவசமாகப் படித்திருக்கக் கூடியவர்கள். 'கிடைக்கலாம்' என்று இருந்ததை 'நிச்சயம்' என்று முன்கூட்டிச் சொன்னார்கள், அவ்வளவே. 2018 முதல் அந்தப் பல்கலைக் கழகம், ஆண்டு வருமானம் 65 ஆயிரம் டாலருக்கு உட்பட்ட உள்மாநிலக் குடும்பங்களுக்கு இந்த உறுதியைப் பொதுவாகவே அறிவித்தது. பிறகு அந்த வரம்பையும் உயர்த்தியது.

அதற்கு முன்பே, 2008-இல், ஒஹையோவிலும் வட கரோலினாவின் சார்லட் நகரத்திலும் இன்னொரு சோதனை நடந்தது. எச் அண்டு ஆர் பிளாக் என்ற கம்பெனியில் வருமான வரிக் கணக்குக் கொடுக்க வந்த எளிய குடும்பங்களை மடக்கி, "உங்கள் வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளை உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றால் அங்கேயே, வரிக் கணக்கிலிருந்தே, உதவிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். ஆன நேரம் பத்து நிமிஷத்துக்குள்! அந்த வீட்டுச் சீனியர் பிள்ளைகளில் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள், நூற்றுக்கு 28-லிருந்து 36 ஆனார்கள். வேறு சில குடும்பங்களுக்கு, உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கலாம் என்ற விவரத்தை மட்டும் சொல்லி, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அவர்களிடம் மாறுதல் எதுவும் ஏற்படவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எல்லோரும் போகிறார்கள். இந்தக் கூட்டங்களுக்குப் பின் கொஞ்சம் தயங்கி நின்று ஒரு தாயார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: படிவத்தில் எந்த வருஷத்து வருமானத்தைக் காட்ட வேண்டும்? பதில் அவளைத் திடுக்கிட வைக்கும். மகன் 11-ஆம் வகுப்பில் பாதியில் இருந்தபோது, சென்ற டிசம்பரோடு முடிந்துபோன வருஷத்து வருமானம்! அதன் பிறகு கணவனுக்கு வேலை போயிருந்தால்? படிவத்தில் அதைச் சொல்ல இடமில்லை. ஆனால் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தனியே கடிதம் எழுதினால், நிலைமையைப் பார்த்துக் கணக்கைத் திருத்த அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆலோசக ஆசிரியை அவளுடைய தாளை வாங்கி, அதன் பின்பக்கத்தில் இதை எழுதிக் கொடுக்கிறார். துடைப்பத்தோடு காத்திருக்கும் காவலாளி பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்.