எல்.எல்.எம். பேரேடு

எல்.எல்.பி. முடித்தவர் வக்கீலாகப் பதிவு செய்ய 1961-ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டம் விதித்த கட்டணம் 750 ரூபாய். மாநில பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மொத்தமே 125. இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு பார் தேர்வு ஒன்று, அதோடு சரி. கம்பெனி வழக்கையே நடத்தினாலும் எந்த நீதிபதியும் எல்.எல்.எம். சான்றிதழைக் கேட்க மாட்டார்.

ஆகவே வணிகச் சட்டத்தில் எல்.எல்.எம். என்பது விரும்பிச் செய்கிற செலவு. வீட்டில் முதலில் கேட்பது "ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான். என் பேரேட்டில் அது இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தில் காலத்தை எழுத வேண்டும்.

சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இது 2 வருடப் படிப்பு. கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி (120 நிமிடம், 120 கேள்வி, தப்புக்குக் கால் மார்க் போகும்) தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போனால் 1 வருடம். அந்த 1 வருடத்தை ஒழிக்க பார் கவுன்சில் 2021 ஜனவரியில் விதியே போட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த 1 வருடப் படிப்புக்கு யுஜிசி 2012-இல் வகுத்த கணக்கு இது: கட்டாயப் பாடம் 3, தலா 3 கிரெடிட், விருப்பப் பாடம் 6, தலா 2, ஆய்வேட்டுக்கு 3. கூட்டினால் 24. கட்டாயப் பாடங்கள் ஆய்வு முறை, ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும். வணிகச் சட்டம் என்று சேர்ந்தவருக்கு 24-இல் 9 வணிகமே இல்லை. மீதி 15-ஐ வைத்துக்கொண்டுதான் அவர் 'ஸ்பெஷலிஸ்ட்'.

வாரம் 30 மணி, 36 வாரம் என்றால் 1,080 மணி நேரம். நூலகத்தில் உட்காருவதும் இதில் சேர்த்தி. இங்கிலாந்தில் அதே ஒரு வருடப் படிப்புக்கு 180 கிரெடிட், கிரெடிட்டுக்கு 10 மணி, ஆக 1,800 மணி. 720 மணி வித்தியாசம். அங்கே கோடை முழுக்க ஆய்வேடு எழுத வைப்பார்கள்.

இந்த மணியெல்லாம் எங்கே போகிறது? பிரிவுகளில். 1872-இன் ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் 266 பிரிவு. 1930-இல் 48 பிரிவைப் பிய்த்துச் சரக்கு விற்பனைச் சட்டம் செய்தார்கள். அது 66 ஆனது. 1932-இல் 28 பிரிவைப் பிய்த்துக் கூட்டாண்மைச் சட்டம், அது 74. எடுத்தது 76, திரும்பி வந்தது 140. கம்பெனிச் சட்டம் மட்டும் 658-லிருந்து 2013-இல் 470-க்கு இளைத்தது போலத் தெரியும். இறக்கிய சுமையில் பெரும்பகுதி விதிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பிரிவைக் கூட மனப்பாடம் செய்துவிடலாம், உள்ளே இருக்கும் தொகைதான் நிற்பதில்லை. பாரீஸ் கார்னரில் வாங்கிய என் பழைய 'பேர் ஆக்ட்' புத்தகத்தில், திவால் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் 'ஒரு லட்சம்' என்பதைப் பால்பாயிண்ட் பேனாவால் அடித்து '1 கோடி, 24.3.2020' என்று எழுதியிருக்கிறேன். வணிக நீதிமன்றச் சட்டத்தில் நேர்மாறு: 2015-இல் 1 கோடி, 2018-இல் 3 லட்சம். சிறு கம்பெனியின் செலுத்தப்பட்ட மூலதன வரம்பு 50 லட்சம், 2021-இல் 2 கோடி, 2022-இல் 4 கோடி. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுத இடமில்லை. திவால் நடவடிக்கையை 330 நாளில் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று 2019-இல் சேர்த்தார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் 'கட்டாயம்' என்ற சொல் அடிபட்டுப் போனது. (தமிழில் எழுதினால் திவால் சட்டமும் ஐபிசி, பழைய தண்டனைச் சட்டமும் ஐபிசி. பின்னது 2024 ஜூலையோடு போய்விட்டதால் குழப்பம் பாதி குறைந்தது.)

இனி பணம். ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2024 ஜூனில். சீனியர் அதைக் கையில் வைக்கிறாரா என்பது வேறு கதை. இருந்தாலும் பற்றில் எழுதியாக வேண்டும்: படிக்கப் போனால் வருடத்துக்கு 2.4 லட்சம், 2 வருடப் படிப்பென்றால் 4.8 லட்சம்.

லண்டன் என்றால் மாணவர் விசாவுக்கு, 2025 ஏப்ரல் கணக்குப்படி, 524 பவுண்டு. மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776. படிப்பு முடிந்த பின் சில மாதம் சேர்த்து விசா தருவதால் ஒன்றரை வருடத்துக்கு 1,164 பிடிப்பார்கள். இருப்புச் செலவு, 2025 நவம்பர் கணக்குப்படி, மாதம் 1,529 வீதம் 9 மாதத்துக்கு 13,761. சேமிப்பாகக் காட்டினால் தொடர்ந்து 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் கூடக் குறையக் கூடாது. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் இந்த இருப்புச் செலவு மட்டும் 15.8 லட்சம். ஃபீஸ் இன்னும் கணக்கில் ஏறவே இல்லை.

வரவுப் பக்கம் சின்னது. 55 சதவீதத்தோடு எல்.எல்.எம். முடித்து நெட் தேர்வில் தேறி, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000. உதவிப் பேராசிரியர் வேலை அமைந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700.

லண்டன் படிப்புக்கு 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம் என்று போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை 21,492. கட்டி முடிக்கும்போது 38.7 லட்சம். உதவிப் பேராசிரியருக்கு அது அடிப்படைச் சம்பளத்தில் 37 சதவீதம். திரும்பி வந்து பழைய சீனியரிடமே 20,000-க்குச் சேர்ந்தால் சோற்றுக்கு முன்பே மாதம் 1,492 துண்டு விழும்.